நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ்: யார் இருந்தார்கள், யார் போனார்கள், ஏன் போனார்கள்?

பதிவு 1 · வாபாஷ்கரை

வெள்ளிக்கிழமை இரவு மகனை அழைத்துவரப் பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பஸ் வந்து நின்றபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இறங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். ஒருவன் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு பனியில் காலுறையோடு நடந்தான். அன்று ரிச்மண்டில் கூடைப்பந்து ஆட்டம்.

இந்தியானாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருக்கும் லாஃபயெட் மாநிலத்தின் மேற்குப் பக்கம், வாபாஷ் ஆற்றங்கரையில் இருக்கிறது. ரிச்மண்ட் கிழக்குக் கோடி. அதற்கப்பால் சில மைல் போனால் ஒஹையோ. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்திலேயே பத்துப் பள்ளிகள் இருக்க, பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஏன் அவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "கான்ஃபரன்ஸ் ஆட்டம், போய்த்தான் ஆக வேண்டும்" என்றார்.

அந்தக் கான்ஃபரன்ஸ் என்பது என்ன? யார் யாரைச் சேர்த்தார்கள், எப்போது சேர்த்தார்கள்? இங்கே பல ஆண்டுகளாக இருப்பவர்கள் விளக்கினால் நன்றி சொல்வேன்.

பதிவு 2 · பழையபந்து

நீங்கள் கேட்டதற்காகவே இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன். இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கொக்கோமோவில் இருக்கிறேன். குளிர்காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் பெரும்பாலும் என்னை உள்ளரங்கத்தில்தான் பார்க்கலாம்.

கான்ஃபரன்ஸ் என்பது பள்ளிகள் தாங்களாகவே சேர்ந்து அமைத்துக்கொள்ளும் விளையாட்டுக் கூட்டணி. அரசு வகுத்த எல்லை அதற்குக் கிடையாது. மாநிலம் முழுவதற்குமான விதிகளை வகுப்பது 1903இல் தொடங்கிய இந்தியானா உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். கான்ஃபரன்ஸ் அதற்குக் கீழே நடக்கும் தனி ஏற்பாடு. ஏழெட்டுப் பள்ளிகள் கூடி, ஆண்டுதோறும் ஒருவரோடு ஒருவர் ஆடுவது என்று வாக்குக் கொடுத்துக்கொள்கின்றன. பள்ளி முதல்வர்களும் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர்களும் வாக்களித்துச் சேர்க்கிறார்கள், விலகலையும் அவர்களே ஏற்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்து, ஓட்டம், நீச்சல், மல்யுத்தம் என்று எல்லா விளையாட்டுக்கும் கான்ஃபரன்ஸ் சாம்பியன் உண்டு. ஆனால் இந்த மாநிலத்தில் ஊர்ப் பெருமையைச் சுமப்பது கூடைப்பந்துதான்.

நம் கான்ஃபரன்ஸ் 1926இல் பிறந்தது. அந்த ஆண்டை மனத்தில் வையுங்கள். அதே 1926இல் மாநில இறுதியாட்டத்தில் மேரியன், மார்ட்டின்ஸ்வில் பள்ளியைத் தோற்கடித்தது. தோற்ற அணியில் ஜான் வுடன் என்ற மாணவர் இருந்தார். பின்னாளில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பத்து தேசியப் பட்டங்களை வென்று தந்த பயிற்சியாளர் அவர்தான். அடுத்த ஆண்டு மார்ட்டின்ஸ்வில் மன்சி சென்ட்ரலை வென்றது. அதற்கடுத்த 1928இல் மன்சி சென்ட்ரல் 13-12 என்று பழிதீர்த்தது. ஆட்டம் முழுவதற்கும் இரு தரப்பும் சேர்த்து எடுத்ததே இருபத்தைந்து புள்ளி! கடைசி நொடிகளில் சார்லி செக்ரிஸ்ட் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து வானத்தை நோக்கி எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. அந்தக் காய்ச்சலில் பிறந்த கூட்டணி இது.

ஊர்களைப் பாருங்கள்: ஆண்டர்சன், கொக்கோமோ, லோகன்ஸ்போர்ட், மேரியன், மன்சி, நியூ காசில், ரிச்மண்ட், லாஃபயெட். எல்லாம் நடுத்தர அளவுத் தொழில் நகரங்கள், பெரும்பாலும் ஊருக்கு ஒரே பெரிய உயர்நிலைப் பள்ளி. ரயிலும் நெடுஞ்சாலையும் இவற்றைக் கோத்திருந்தன. தொடக்க காலத்தில் ஃபிராங்க்ஃபர்ட், லெபனான் போன்ற சிறிய ஊர்களும் இருந்தன. ஃபிராங்க்ஃபர்ட்டைச் சிறிய ஊர் என்று தள்ளிவிட முடியாது. எவரெட் கேஸ் பயிற்சியில் 1925, 1929, 1936, 1939 என்று நான்கு முறை மாநிலப் பட்டம் வென்ற பள்ளி அது. இன்று அது வேறு கூட்டணியில் இருக்கிறது.

அணிப் பெயர்களையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லோகன்ஸ்போர்ட் அணிக்கு 'பெர்ரீஸ்' என்று பெயர், சின்னமோ ஃபீலிக்ஸ் பூனை. லாஃபயெட் ஜெஃபர்சன் 'பிராங்கோஸ்'. ஃபிராங்க்ஃபர்ட் 'ஹாட் டாக்ஸ்'. எங்கள் கொக்கோமோ அணிக்குக் காட்டுப்பூனை, 'வைல்ட்கேட்ஸ்'. அதைக் கூட ஊர்ப் பெயரின் முதலெழுத்தை ஒட்டி 'C'க்குப் பதிலாக 'K' போட்டு எழுதுவார்கள்.

பதிவு 3 · தென்பொருநை

நல்ல விளக்கம் ஐயா. நான் திருநெல்வேலிப் பக்கத்தில் பள்ளி நாட்களில் குறுவட்டப் போட்டியில் ஆடியவன். எங்கள் குறுவட்டத்தில் எந்தப் பள்ளி இருக்க வேண்டும் என்பதைக் கல்வித் துறை முடிவு செய்துவிடும். அங்கே வென்றால் மாவட்டம், அங்கேயும் வென்றால் மாநிலம். ஏணி போல ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். அதே போல இங்கே கான்ஃபரன்ஸில் வென்றவர்தானே மாநிலப் போட்டிக்குப் போவார்?

பதிவு 4 · பழையபந்து

அங்கேதான் வேறுபாடு தம்பி. இந்தியானாவில் கான்ஃபரன்ஸில் வென்றாலும் தோற்றாலும் எல்லாப் பள்ளிகளும் மார்ச் மாதத்து மாநிலப் போட்டிக்குள் நுழைகின்றன. ஒரு வெற்றிகூட இல்லாத அணிக்கும் இடம் உண்டு. முதல் சுற்றான 'செக்ஷனல்' குழுக்களைச் சங்கம் இருப்பிடத்தைப் பார்த்துப் பிரிக்கிறது. கான்ஃபரன்ஸ் பட்டம் எந்தக் கதவையும் திறப்பதில்லை.

பின் எதற்காக ஆடுகிறார்கள் என்று கேட்பீர்கள். 1959 பிப்ரவரி 20ஆம் தேதி இரவைச் சொல்கிறேன்.

நியூ காசில் பள்ளியின் பழைய உள்ளரங்கம் சர்ச் தெருவில் இருந்தது. புதிய அரங்கம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் பழைய அரங்கில் அதுவே கடைசி ஆட்டம். எதிரே கொக்கோமோ. எங்கள் பக்கம் ஜிம்மி ரேய்ல், ஒடிந்துவிடுவாரோ என்று அஞ்சும் அளவுக்கு மெலிந்த உடம்பு. அவர்கள் பக்கம் ரே பேவி. இருவரும் மாறி மாறி எய்துகொண்டே இருந்தார்கள். மூன்று புள்ளிக் கோடு என்பதே இல்லாத காலம். எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டுதான். முடிவில் பேவி 51, ரேய்ல் 49. இருவர் மட்டும் சேர்ந்து சரியாக நூறு! ஆட்டத்தின் மொத்தப் புள்ளிகளே 173. நியூ காசில் 92-81 என்று வென்றது.

மாநிலப் பட்டத்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது சாதாரண வெள்ளிக்கிழமைக் கான்ஃபரன்ஸ் ஆட்டம். ஆனாலும் எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் அறுபது ஆண்டு கழித்தும் பெரியவர்கள் அதைப் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்த இருவரும் பிறகு இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் ஆடினார்கள். 1961இல் கார் விபத்தில் பேவியின் கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்.

ஆண்டுக்கு ஆண்டு அதே ஊர், அதே அரங்கம், அதே எதிரணி. தகப்பன் ஆடிய எதிரணியோடு மகனும் ஆடுகிறான். அதற்காகத்தான் ஆடுகிறார்கள்.

பதிவு 5 · ஐந்தொகை

பழையபந்து ஐயா எழுதியதைப் படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இது ஒரு பக்கக் கணக்கு. நான் ஆண்டர்சனில் பன்னிரண்டு ஆண்டு கணக்கெழுதும் வேலை பார்த்தவன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கூட்டணி தொழிற்சாலைச் சம்பளத்தின் மேல் நின்றது. ஆண்டர்சனில் டெல்கோ ரெமியும் கைடு லாம்ப்பும் இருந்தன. இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பிரிவுகள். நல்ல நாட்களில் அந்த ஒரே நிறுவனத்தில் ஊரில் 20,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 1961இல் அந்தப் பணத்தில் எழுந்ததுதான் 'விக்வாம்' அரங்கம், கிட்டத்தட்ட 9,000 இருக்கை. ஒரு பள்ளி உள்ளரங்கத்துக்கு! 1970 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள் தொகை 70,787. 2010இல் 56,129. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு காலத்தில் ஊரில் மூன்று உயர்நிலைப் பள்ளிகள். மேடிசன் ஹைட்ஸ் 1997இல் மூடியது, ஹைலண்ட் 2010இல். எஞ்சியது ஒன்று. அடுத்த ஆண்டே விக்வாமையும் பூட்டினார்கள், பராமரிப்புச் செலவைத் தாங்க முடியவில்லை.

நியூ காசிலில் கிரைஸ்லர் ஆலை போனது. மன்சியில் போர்க்வார்னர் ஆலை 2009இல் மூடியது. மன்சியிலும் மூன்று பள்ளிகள் இருந்தன. நார்த்சைடு 1988இல் போனது, சவுத்சைடு 2014இல் சென்ட்ரலோடு இணைந்தது.

அதனால்தான் நியூ காசில் 2010களின் முற்பாதியில் இந்தக் கூட்டணியை விட்டு ஹூசியர் ஹெரிட்டேஜ் கான்ஃபரன்ஸுக்குப் போனது. அதைத் துரோகம் என்று பேசுபவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி தன்னைப் போல இரண்டு மடங்கு பிள்ளைகள் உள்ள பள்ளியோடு கால்பந்து ஆடினால் யாருக்கு எலும்பு முறியும்? பெருமை பெரியவர்களுக்கு, அடி பிள்ளைகளுக்கு. அந்த இடத்தை நிரப்ப லாஃபயெட் பக்கத்துப் பள்ளிகளான ஹாரிசன், மக்கட்சன், இந்தியானாபொலிஸ் ஆர்சனல் டெக் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். வாபாஷ்கரை நண்பரின் மகன் நள்ளிரவில் வீடு திரும்பியதன் காரணமும் இதில் இருக்கிறது. வரைபடத்தில் மேற்கே கனம் கூடிவிட்டது, ரிச்மண்ட் கிழக்கே தனியாக நிற்கிறது.

பதிவு 6 · மிசிசினெவா

ஐந்தொகை சொன்ன விக்வாமுக்குள் ஒருமுறை போயிருக்கிறேன், மூடுவதற்கு முந்தைய குளிர்காலத்தில். எங்கள் மேரியன் அங்கே ஆடியது. வெளியிலிருந்து பார்த்தால் அரங்கத்தின் பெருக்கம் தெரியாது. கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் ஆட்டக்களம் கீழே, ஆழத்தில், கிணற்றுத் தரை போல ஒளி விட்டது. இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்கு கூட நிரம்பவில்லை. எனக்கு முன் வரிசையில் ஒரு முதியவர் பக்கத்து இருக்கையில் தன் மேலங்கியை மடித்து வைத்திருந்தார். அங்கே உட்காரலாமா என்று யாரோ கேட்டார்கள். "அது என் மனைவியின் இடம்" என்றார். ஆட்டம் முடியும் வரை யாரும் வரவில்லை.

பதிவு 7 · நாச்சியார்

மிசிசினெவா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் திரையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேறொன்று கேட்க வேண்டும். யார் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள் என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். யாரைச் சேர்க்கவே இல்லை என்பதை யாரும் தொடவில்லை.

இந்தியானாபொலிஸில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி 1927இல் திறக்கப்பட்டது, நகரத்துக் கறுப்பின மாணவர்களை ஒதுக்கி வைப்பதற்காகவே. மாநிலச் சங்கம் அந்தப் பள்ளியை உறுப்பினராக ஏற்கவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அதே நிலைதான். 1942இல்தான் கதவு திறந்தது. அதுவரை அட்டக்ஸ் பிள்ளைகள் எதிரணி தேடி மாநிலத்துக்கு வெளியே பஸ் ஏறினார்கள். வாபாஷ்கரை, உங்கள் மகனின் இரண்டு மணி நேரப் பயணத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த பஸ்தான் நினைவுக்கு வந்தது.

1955இல் ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய அட்டக்ஸ் அணி மாநிலப் பட்டம் வென்றது. அந்த வழியில் அவர்களுக்குக் குறுக்கே நின்ற மிகக் கடினமான அணி எது தெரியுமா? உங்கள் கூட்டணியின் மன்சி சென்ட்ரல். 71-70. கடைசி நொடிகளில் ராபர்ட்சன் பந்தைப் பறித்துத்தான் அந்த ஒரு புள்ளியைக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டு ஒரு தோல்வியும் இல்லாமல் மீண்டும் பட்டம். இறுதியில் தோற்ற அணி லாஃபயெட் ஜெஃபர்சன், அதுவும் உங்கள் கூட்டணிதான். 1955 வெற்றி ஊர்வலத்தை நகரின் மையத்தில் ஒரு சுற்றுச் சுற்றவைத்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற அணிகள் நகர மையத்தில் கொண்டாடலாம், இவர்களுக்கு அந்த இடம் இல்லை.

உள்ளே இருந்தவர்களுக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆண்டர்சன் 1946இல் பட்டம் வென்றபோது இறுதியாட்டத்தில் ஜானி வில்சன் 30 புள்ளி எடுத்தார். மாநிலத்தின் தலைசிறந்த வீரர் என்ற 'மிஸ்டர் பாஸ்கெட்பால்' பட்டமும் அவருக்கே. ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம் அவரைத் தன் அணியில் சேர்க்கவில்லை. சொந்த ஊர்க் கல்லூரியில்தான் ஆடினார்.

பெண்களைப் பற்றி ஒரு வரி கூட இதுவரை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு 1911 முதல் மாநிலப் போட்டி நடக்கிறது. பெண்களுக்கு 1976இல்தான் முதல் முறை நடந்தது, வார்சா பள்ளி வென்றது. அறுபத்தைந்து ஆண்டு இடைவெளி! ஐயா, உங்கள் கொக்கோமோவின் பெண்கள் அணி 1992, 1993, 2003 என்று மூன்று மாநிலப் பட்டம் வைத்திருக்கிறது. ஆண்களின் பட்டம் 1961இல் வென்ற ஒன்றே ஒன்று. ஊர்ப் பெருமை பேசும்போது இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

பதிவு 8 · பழையபந்து

நாச்சியார் அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். 1993 அணியைப் பற்றி நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். என் மகள் அந்த அணியின் படம் தொங்கும் நடைபாதையைக் கடந்துதான் தினமும் வகுப்புக்குப் போனாள்.

ஐந்தொகைக்கு மட்டும் ஒரு மறுப்பு. ஆலைகள் போனதால் கூட்டணி தளர்ந்தது என்பது சரி. ஆனால் கூட்டணியின் உச்சம் ஆலைகளின் உச்சத்தோடு முடிந்துவிடவில்லை. 1979 மாநில இறுதியில் மன்சி சென்ட்ரல் ஆண்டர்சனை வென்றது. 1985இல் மேரியனும் ரிச்மண்டும், 1986இல் மேரியனும் ஆண்டர்சனும், 1987இல் மறுபடி மேரியனும் ரிச்மண்டும் மோதின. மூன்று ஆண்டு தொடர்ந்து மாநில இறுதியாட்டமே இந்தக் கூட்டணியின் வீட்டுச் சண்டை, மூன்றிலும் மேரியன். ஜே எட்வர்ட்ஸ், லிண்டன் ஜோன்ஸ் இருவரும் ஆடிய அணி. 1992இல் ரிச்மண்ட் லாஃபயெட் ஜெஃபர்சனை வென்றது. 1980களில் ஆண்டர்சனில் ஆட்கள் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் அந்த அணி மூன்று முறை இறுதிக்கு வந்தது: 1981, 1983, 1986. மூன்றிலும் தோல்வி. 1981இல் இரண்டு புள்ளியில், 1983இல் ஒரே புள்ளியில். வேலையற்ற ஊர் அந்த இரவுகளில் எப்படித் தூங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் பார்வையில் பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. 1997 வரை மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டம். 161 மாணவர் கொண்ட மைலன் 1954இல் மன்சி சென்ட்ரலை 32-30 என்று வென்றதும் அந்த முறையால்தான். பாபி பிளம்ப் நான்கு நிமிடத்துக்கு மேல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று, கடைசி நொடிகளில் எறிந்தாரே, அந்த ஆட்டம். 1997-98 பருவத்திலிருந்து மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவு, நான்கு பட்டம். அதன் பிறகு கூட்டணிக்குள்ளேயே வேறு வேறு பிரிவில் விழுந்த பள்ளிகள் மார்ச் மாதத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போனது. மேரியன் 2000இல் ஸாக் ராண்டால்ஃபுடன் பட்டம் வென்றது பெரிய பள்ளிகளின் 4ஏ பிரிவில். அதே மேரியன் 2016இல் வென்றது அதற்கு அடுத்த படியான 3ஏ பிரிவில். ஐந்தொகை எழுதிய மக்கள் தொகைக் கணக்கு இந்த ஓர் எண் மாற்றத்திலும் இருக்கிறது.

பதிவு 9 · ஐந்தொகை

மறுப்பை ஏற்கிறேன் ஐயா, 1980களைப் பற்றிய பகுதியை மட்டும். நியூ காசில் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பிரிவு மாறிய பிறகு அவர்கள் 2006இல் 3ஏ பட்டம் வென்றார்களே, அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள், ஒற்றைப் பட்டக் காலம்தான் உயர்ந்தது என்று சொல்வார்களா என்று.

பதிவு 10 · மிசிசினெவா

நியூ காசில் அரங்கத்துக்குப் போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். 1959இல் திறந்தது, 9,325 இருக்கை என்று பெயர் பெற்றது, உலகின் மிகப் பெரிய பள்ளி உள்ளரங்கம் என்று வாசலிலேயே சொல்வார்கள். 1983இல் நியூ காசில் மாணவர் ஸ்டீவ் ஆல்ஃபர்டின் ஆட்டத்தைக் காணக் கூட்டம் நிரம்பி வழிந்த இடம். பக்கத்திலேயே மாநிலக் கூடைப்பந்துப் புகழரங்கம் 1990 முதல் இருக்கிறது. ஒரே பகலில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பதிவு 11 · தென்பொருநை

ஒரு சின்னக் கேள்வி. விலகிப் போன பிறகும் நியூ காசிலும் பழைய கூட்டாளிகளும் ஆடிக்கொள்ளத் தடை உண்டா?

பதிவு 12 · பழையபந்து

எந்தத் தடையும் இல்லை. கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் போக மிச்சமுள்ள நாட்களை யாரோடு வேண்டுமானாலும் நிரப்பலாம். இரு பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர்களும் தொலைபேசியில் பேசி நாள் குறித்துக்கொண்டால் போதும். கான்ஃபரன்ஸ் என்றால் அந்தப் பேச்சுக்கே அவசியமில்லாமல் நாள் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். விலகினால் ஒவ்வோர் ஆண்டும் யாராவது நினைவு வைத்து அழைக்க வேண்டும்.

பதிவு 13 · வாபாஷ்கரை

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் உட்கார்ந்து மகனுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பாதி புரிந்தது, மீதியை விளக்கினேன். அட்டக்ஸ் பகுதியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னான். பேவியும் ரேய்லும் ஆடிய ஆட்டத்தைக் கேட்டுவிட்டு, "மூன்று புள்ளிக் கோடு இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்?" என்று காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினான்.

ரிச்மண்டில் என்ன நடந்தது என்று அவனை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தோற்றுவிட்டார்களாம். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன் ஒருவன் வந்து கைகொடுத்து, "அடுத்த வருஷம் நாங்கள் உங்கள் ஊருக்கு வருவோம்" என்றானாம். அவன் பெயரும் சட்டை எண்ணும் இவனுக்கு நினைவிருக்கிறது.

பழையபந்து ஐயா, கொக்கோமோவில் எங்கள் ஆட்டம் இருக்கும் வெள்ளிக்கிழமை நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் வருகிறேன். அரங்கத்தில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதிவு 14 · பழையபந்து

வடக்கு வாசல் வழியாக வாருங்கள், இடது பக்கம் ஆறாவது வரிசை. உங்கள் பிள்ளைகள் இறங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான், ஆனாலும் பரவாயில்லை. பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைக்கிறேன்.